பழைய மாணவி அழைக்கும்போது

கடந்த ஆண்டு ஒரு மாலை. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. புது எண். "டீச்சர், நான்தான்" என்று பெயரைச் சொன்னதும் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பிளஸ் டூ முடித்தவள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஓசூரிலிருந்து தினமும் பேருந்தில் எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்வந்தாள்.

ஐந்து நிமிடம் என் நலம், பள்ளி நலம் எல்லாம் கேட்டாள். பிறகு குரல் இறங்கியது. "டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும். வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

கல்லூரியிலிருந்து ஒரு மாதப் பயிற்சிக்காக நம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு மேற்பார்வையாளர் இரவு நேரங்களில் வாட்ஸ்அப்பில் ஏதேதோ அனுப்புகிறார். எந்திரத்தைக் காட்டித் தருகிற சாக்கில் ஒட்டி நிற்கிறார். முந்தைய நாள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பயிற்சி மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருக்கும் நான் அப்போது கேட்ட முதல் கேள்வி இது: "நீ ஏம்மா அவருக்கு உன் நம்பரைக் கொடுத்தே?"

மறுமுனை அமைதியானது. "சரிங்க டீச்சர், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் நான் மூன்று முறை அழைத்த பிறகுதான் எடுத்தாள். பயிற்சிக்கு வந்த எல்லோருடைய எண்ணும் அந்த மேற்பார்வையாளரிடம் இருந்தது என்பதை அப்போதுதான் சொன்னாள். நான் கேட்டது அக்கறையில்தான். ஆனால் அவள் காதில் அது குற்றச்சாட்டாகவே விழுந்தது. அவள் அன்று எடுக்காமல் போயிருந்தால், இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு இருந்திருக்காது.

அவளுக்கு உதவப் போய் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஓர் அழைப்பு வரலாம்.

முதலில் கேட்கும் காது

நம் மாவட்டம் அண்மையில் இரண்டு கசப்பான பாடங்களைப் படித்தது. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலியாக நடத்தப்பட்ட என்.சி.சி. முகாமில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்தக் குழந்தை பள்ளியில் இருந்த பெரியவர்களிடம் சொன்னாள். வெளியே சொல்ல வேண்டாம் என்பதே அவளுக்குக் கிடைத்த பதில் என்று செய்திகள் வந்தன. பெற்றோர் வழியாகப் புகார் காவல் துறைக்குச் சென்ற பிறகு, முகாம் நடத்தியவர் மட்டுமல்லாமல், மறைத்ததற்காகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

2025 பிப்ரவரியில் அதே வட்டாரத்தில் இன்னொரு வழக்கு. அரசு நடுநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தலைமை ஆசிரியர் விசாரித்தபோதுதான் அவளுக்கு நடந்த கொடுமை தெரியவந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே பள்ளியின் ஆசிரியர்கள் என்பது நம் அனைவருக்கும் தலைகுனிவு. ஆனால் நீண்ட விடுப்பைப் பதிவேட்டில் குறித்ததோடு நிறுத்தாமல் ஒருவர் விசாரித்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டு நிகழ்வுகளிலும் சட்டம் ஒன்றுதான். முதலில் கேட்ட பெரியவர் என்ன செய்தார் என்பதில்தான் வேறுபாடு. கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். புதிய ஊரில், புதிய விடுதியில், யாரிடம் சொல்வது என்று தெரியாத பெண், தனக்குத் தெரிந்த, நம்பிக்கையான பெரியவரைத் தேடுகிறாள். புதுமைப்பெண் திட்டத்தால் நம் அரசுப் பள்ளி மாணவிகள் ஆயிரக்கணக்கில் உயர்கல்விக்குச் செல்லும் இந்தக் காலத்தில், அந்தப் பெரியவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற அச்சம் நம் பகுதிப் பெண்களுக்கு வெறும் கற்பனை அல்ல என்பதை நாம் அறிவோம்.

வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழுவதையும் கேட்ட பிறகு நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விவரம், சம்பவம் நடந்த நாளில் அவளுக்கு 18 வயது நிறைந்திருந்ததா என்பது. கல்லூரியில் சேர்ந்துவிட்டாலே பெரியவள் என்று நினைத்துவிடுகிறோம். முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்.

18 வயது நிறையாதவர், பெண்ணோ ஆணோ, சட்டத்தின் பார்வையில் குழந்தை. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. அவள் இப்போது நம் மாணவி இல்லை என்பது காரணமாகாது. இதில் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. "உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான பதில்.

18 வயது நிறைந்தவர் என்றால் முடிவு அவருடையது. புகார் கொடுப்பதா, எங்கே கொடுப்பது, வீட்டில் எப்போது சொல்வது எல்லாமே. நாம் வழிகளைச் சொல்லலாம், துணைக்குப் போகலாம். அவள் தலைக்கு மேல் கல்லூரிக்குத் தொலைபேசி செய்வதும், அவள் அப்பாவை வரவழைப்பதும் உதவி ஆகாது. என் மாணவிக்கு அப்போது 19 வயது. எனவே அவள் முன் என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று சொல்வதே என் வேலையாக இருந்தது.

கல்லூரிக்குள் இருக்கும் கதவு

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. அவற்றின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யும் 2016-இல் இதேபோன்ற விதிமுறைகளை வகுத்தது. கல்லூரி எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் இவை பொருந்தும்.

மானியக் குழு விதிகளின்படி குழுவின் தலைவர் மூத்த பேராசிரியை ஒருவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூவரும் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. "நம்ம ஹெச்.ஓ.டி.யே அந்தக் குழுவில இருப்பாரே" என்று பயப்படும் மாணவிக்கு இந்த ஒரு தகவலே தைரியம் தரும்.

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், தொடர் நிகழ்வுகள் என்றால் கடைசி நிகழ்விலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த 10 நாட்களில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும். அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மாணவிகள் அதிகம் அஞ்சுவது மூன்றுக்கு. ஒன்று, மதிப்பெண். புகாருக்கு உள்ளானவர் புகார் கொடுத்தவருடைய தேர்வையோ செயல்பாட்டையோ மதிப்பிடக் கூடாது என்று விசாரணைக் காலத்திலேயே தடுக்க முடியும். இரண்டு, "நிரூபிக்க முடியாவிட்டால் என் மேல் நடவடிக்கை எடுப்பார்களா?" போதிய சான்று தர முடியவில்லை என்பதற்காக மட்டுமே புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. மூன்று, "சமாதானமாகப் போகச் சொல்வார்களா?" புகார் கொடுத்தவர் தாமாகக் கேட்டால் மட்டுமே சமரசப் பேச்சு. அதிலும் பணம் கைமாறக் கூடாது.

பேருந்திலும் பயிற்சிக் கூடத்திலும்

"கல்லூரிக்கு வெளியே நடந்ததுக்குக் கல்லூரியில் எப்படிப் புகார் கொடுப்பது?" என்று என் மாணவி கேட்டாள். எனக்கும் அப்போது தெரியாது. விதிமுறைகளைப் படித்தபோது வியந்துபோனேன். கல்லூரி வளாகம் என்பதற்கு அவை தரும் பொருள் மதிற்சுவரோடு முடிவதில்லை. போக்குவரத்து, களப்பயணம், கல்விச் சுற்றுலா, முகாம், விளையாட்டுப் போட்டி, குறுகிய காலப் பயிற்சி ஆகியவை நடக்கும் இடங்களும் அதில் அடக்கம். வெளியாள் தொல்லை கொடுத்தாலும் கல்லூரி கைவிரிக்க முடியாது.

தொழிற்சாலையிலும் ஒரு கதவு உண்டு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவிக்கு 1992-இல் நேர்ந்த கொடுமையே, 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்புக்கு வழிவகுத்தது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. அங்கே சம்பளம் வாங்கும் பெண்கள் மட்டும்தான் புகார் கொடுக்கலாம் என்பதில்லை. பயிற்சிக்கு வந்த மாணவியும் கொடுக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவான பட்டறை, கடை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அதன் விவரம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கிடைக்கும்.

சிப்காட் ஊரான ஓசூருக்கு இது மிக அவசியமான செய்தி. நம்மிடம் படித்த பெண்களில் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் தொழிற்சாலை விடுதிக்குப் போகிறவர்களும் உண்டு. 2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் மறைத்து வைக்கப்பட்ட கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு தங்கியிருந்த பெண்கள் திரண்டு இரவிலேயே போராடினார்கள். அதன் பிறகு கைது நடவடிக்கைகள் நடந்தன. பார்த்ததை ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் அவளைத் தனியே விடவில்லை.

எல்லை ஒரு தடையல்ல

குழுவில் புகார் கொடுப்பதும் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. விரும்பினால் இரண்டையும் செய்யலாம். பாலியல் துன்புறுத்தல், மறைந்திருந்து படமெடுத்தல், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75, 77, 78 ஆகிய பிரிவுகளின்கீழ் குற்றங்கள்.

"சம்பவம் அத்திப்பள்ளியில் நடந்தது, அங்கே போய்க் கொடுங்க" என்று திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயம் எல்லையோர மாணவிகளுக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதற்கு விடை சொல்கிறது. குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பெங்களூரில் நடந்ததற்கு ஓசூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம். 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்பது அடுத்த அச்சம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 72-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் உடனே தலையிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு ₹25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அத்தனைக்கும் பிறகு அந்த மாணவி பின்வாங்கவில்லை. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பொள்ளாச்சி வழக்கு நீண்ட காலம் நடந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரில் தொடங்கி, 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனையோடு முடிந்தது. அங்கும் முதலில் புகார் கொடுத்தவரின் அடையாளம் வெளியிடப்பட்டது. ஆனாலும் அவரைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் சாட்சி சொன்னார்கள். எவரும் பிறழ் சாட்சியாக மாறவில்லை.

அழிக்காதே, எழுதி வை

அருவருப்பிலும் பயத்திலும் பெண்கள் முதலில் செய்வது, வந்த செய்திகளை அழிப்பது. அழிக்க வேண்டாம் என்று சொல்வதே நாம் முதலில் தரக்கூடிய நடைமுறை உதவி. 2018-இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்த வழக்கில், மாணவிகள் பதிவு செய்து வைத்திருந்த தொலைபேசி உரையாடலே உண்மையை வெளிக்கொண்டுவந்தது. 2024-இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நாள், நேரம், இடம், பேசிய சொற்கள், அருகில் இருந்தவர், அன்றே யாரிடம் சொன்னாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செய்திகளின் திரைப்படங்களை வேறொரு கைப்பேசிக்கும் அனுப்பி வைக்கலாம். உடல்ரீதியான வன்கொடுமை என்றால் குளிப்பதற்கும் உடை துவைப்பதற்கும் முன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

துணைக்கு யார் இருக்கிறார்கள்

மாணவிகளின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டிய எண்கள் இவை:

- 181: பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும்
- 112: உடனடி ஆபத்தில் காவல் உதவி
- 1098: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு
- 14417: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்
- 1930: படங்களை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பது உள்ளிட்ட இணையவழிக் குற்றங்களுக்கு
- 14416: மனநல ஆலோசனைக்கு
- 15100: இலவசச் சட்ட உதவிக்கு

மாவட்டந்தோறும் செயல்படும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்டம், மனநலம், தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் வழிகாட்டுவார்கள். காவல் நிலையம் போகத் தயங்கும் பெண் முதலில் அங்கே போகலாம்.

நாம் செய்யக்கூடியது

பிளஸ் டூ மாணவர்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் முன், உயர்கல்வி வழிகாட்டலுக்கு நேரம் ஒதுக்குகிறோம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எவ்வளவு உதவித்தொகை என்று சொல்கிறோம். அதில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுப்போம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்கச் சொல்வோம். மாணவர்களையும் அதே வகுப்பில் உட்கார வைப்போம். தோழி சொன்னால் எப்படிக் கேட்பது, வந்த படத்தை ஏன் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்களுக்கும் பாடம்தான். துன்புறுத்தலுக்கு ஆளாகும் ஆண் பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் உண்டு.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. "சார் என் பென்சிலை எடுத்துக்கிட்டான்" என்று வரும் குழந்தையை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பார்த்துத்தான், பெரியவர்களிடம் சொன்னால் பலன் உண்டா என்று அது முடிவு செய்கிறது. சின்னச் சின்னப் புகார்களையெல்லாம் "போய் உட்காரு" என்று அனுப்பிவிட்டால், பெரிய புகாரோடு அது நம்மிடம் வராது.

பெரிய பிள்ளை அழைக்கும்போது சொல்ல வேண்டியவை சிலவே: "நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை. இப்போ பாதுகாப்பான இடத்தில் இருக்கியா? உனக்கு என்ன செய்யணும்னு தோணுது?" ஏன் போனாய், ஏன் பேசினாய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று "ஏன்" போட்டுத் தொடங்கும் கேள்விகளை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு விட்டுவிடலாம்.

என் மாணவி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு கல்லூரிக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். புகாரின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டாள். அவளை வேறு இடத்துக்குப் பயிற்சிக்கு மாற்றினார்கள். வேறொருவர் மதிப்பெண் தாளில் கையெழுத்திட்டார். காவல் நிலையம் போக அவள் விரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து அவளாகவே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுதாராம். படிப்பை நிறுத்தச் சொல்லவில்லையாம்.

இப்போது இறுதியாண்டு படிக்கிறாள். சென்ற வாரம் அழைத்து, "டீச்சர், என் ஜூனியர் ஒருத்திக்கு ஒரு பிரச்சினை. நான் அவகிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"முதல்ல அவ சொல்றதை முழுசாக் கேளு" என்றேன்.